ஓடைக்குளத்தின் சராசரி உயரம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் மூன்றே மூன்றுதான் தேறும். நெருப்பு, சக்கரம், சராசரி. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுக்கு யாரும் கேடயம் கொடுத்ததாகவும் தகவல் இல்லை. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று கண்டறிந்த மேதை பரளச்சிக்குக் கிழக்கே, பஸ் திரும்புகிற கடைசி ஊரான ஓடைக்குளத்தில், அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருக்கிறார். பெயர் ஐயாத்துரை. ஊரார் 'பெரிய சார்' என்பார்கள். உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம்.

இந்த ஒன்றரை அங்குலத்தைப் பற்றி அவர் பேச மாட்டார். அடுத்தவர் பேசினால் கேட்கவும் மாட்டார். இருபத்தேழு வருட உத்தியோகத்தில் எந்தக் குழுப் புகைப்படத்திலும் அவருடைய நெற்றிக்குக் கீழே எதுவும் விழுந்ததில்லை. எந்த மேடையிலும் அவர் பெயரை மைக்கில் கூப்பிட்டதில்லை. குடியிருக்கும் பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஓடைக்குளத்துக்கு ஒரு பஸ். இரண்டிலும் மேல்கம்பி எட்டாது. இப்படிப்பட்ட ஒரு மனிதரின் மேஜைக்குத்தான், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, 'உயரும் தலைமுறை' என்ற திட்டம் வந்து சேர்ந்தது.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பள்ளியும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஜூலையில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை அளந்து, செல்போனில் உள்ள செயலியில் ஏற்ற வேண்டும். வகுப்பின் சராசரி உயரம் நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டரைத் தொட்டால் அது 'நிமிர்ந்த பள்ளி'. தலைமையாசிரியருக்கு மேடையில் கேடயம். உயரம் என்றால் ஊட்டச்சத்து, ஊட்டச்சத்து என்றால் நிர்வாகம், நிர்வாகம் என்றால் தலைமையாசிரியர் என்பது திட்டத்தின் தத்துவம். இதில் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தத்துவம் தெரியாது.

ஓடைக்குளத்தில் ஒன்பதாம் வகுப்பில் மொத்தமே பத்துப் பேர். மானாவாரி ஊர். பெய்தால் கம்பும் பருத்தியும், பெய்யாவிட்டால் சீமைக் கருவேலமும் கரிமூட்டமும். பிள்ளைகளும் ஏறக்குறைய அதே முறையில்தான் விளைந்திருந்தார்கள். பேச்சி நூற்று முப்பத்தாறு. ஜன்னத் நூற்று நாற்பத்தொன்று. பையன்களில் பெரியவனான காளிராஜ், முடியைத் தூக்கிச் சீவியும் நூற்று நாற்பத்தொன்பது. இப்படி ஒன்பது பேரையும் அளந்து முடித்தபோது ஐயாத்துரைக்குத் தலை சுற்றியது. ஒன்பது பேருக்கும் சராசரி நூற்று நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. கேடயம் கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை.

பத்தாவதாகத் தங்கச்செல்வி குனிந்து உள்ளே வந்தாள்.

மேலிடம் கொடுத்த அளவு அட்டையில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தது. தங்கச்செல்வி அதன் முன்னால் நின்றபோது ஒட்டகச்சிவிங்கி அவள் மூக்கோடு முடிந்துவிட்டது. அறிவியல் ஆசிரியர் இலியாஸ் பெஞ்சின் மேல் ஏறி, மீதியை மரச்சட்டம் வைத்து அளந்தார். நூற்று எண்பத்தெட்டு. வயது பதினான்கு.

செயலிக்கு நம்பிக்கை வரவில்லை. 'மாணவரின் உயரத்தை மட்டும் பதிவிடவும். ஆசிரியரின் உயரத்தைப் பதிவிட வேண்டாம்' என்றது. ஐயாத்துரை அதைத் தம்மைக் குத்திக் காட்டியதாக எடுத்துக்கொள்ளவில்லை. முறைப்படி மேலிடத்துக்கு எழுதினார். நேரில் பார்த்துச் சான்றளிக்க, வட்டார ஒருங்கிணைப்பாளர் மதன்குமார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அகலமான போன், முகத்தில் எப்போதும் ஓர் ஆய்வுக் கூட்டம் முடிந்த களைப்பு.

"இது ஸ்டூடண்டா சார்?" என்றார், அண்ணாந்து.

"ஒம்போதாம் கிளாஸு."

"எப்படி சார் இப்படி வளத்தீங்க?"

"எல்லாம் கூட்டு முயற்சிதான்" என்று ஐயாத்துரை அடக்கமாகச் சொன்னார்.

தங்கச்செல்வி மெல்ல, "சார், தலை வலிக்குது. உக்காந்துக்கிடவா?" என்றாள்.

"உக்காந்துராதம்மா. முழு உயரமும் போட்டோவுல விழணும்." மதன்குமார் படம் எடுத்துவிட்டுப் போனைத் தட்டினார். "உயரக் குறைவு உண்டா? இல்லை. மெலிவு உண்டா? இல்லை. சோகை? அது அப்புறம் பாத்துக்கலாம்."

"கூடுதலா இருந்தா என்ன போடணும்னு கேக்குதா?" என்றார் இலியாஸ்.

"கூடுதலுக்குக் கேள்வியே கெடையாது சார். கூடுதலா இருக்கிறது எப்படிக் குறையாகும்?"

இந்தச் சின்ன வயதில் இவ்வளவு தெளிவா என்று ஐயாத்துரை வியந்தார். போன் ஒருமுறை சுற்றி முடித்து, சராசரியைக் காட்டியது. நூற்று நாற்பத்தேழு புள்ளி ஏழு.

"பாயிண்ட் மூணு கொறையுதே சார்" என்று மதன்குமார் வருத்தப்பட்டார். "செப்டம்பருக்குள்ள பத்துப் பேரும் ஆளுக்குப் பாயிண்ட் மூணு வளரணும். இல்லைன்னா..."

இல்லைன்னா என்ற சொல்லில் இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள்.

"இல்லைன்னா ஒரே ஆளு மூணு சென்டிமீட்டர் வளந்தாலும் அதே கணக்குத்தான்" என்றார் ஐயாத்துரை.

அந்தக் கணத்தில்தான் அவர் மேதையானார். ஒன்பது பேருக்குச் சோறு போட்டு வளர்ப்பது பழைய முறை. காலம் பிடிக்கும், செலவு பிடிக்கும், பிள்ளைகள் ஒத்துழைக்க வேண்டும். வளர்கிற ஒருத்தியை வளரவிட்டாலே மற்ற ஒன்பது பேரும் இருந்த இடத்திலிருந்தபடியே உயர்ந்துவிடுகிறார்கள். காலையில் வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிற பேச்சி, ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடாமலே, நூற்று முப்பத்தாறிலிருந்து நூற்று நாற்பத்தெட்டு ஆகிவிடுவாள். அவளுக்கே தெரியாமல்.

மறுநாள் முதல் 'முட்டைச் சுழற்சி முறை' அமலுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு முட்டை உண்டு. திங்கட்கிழமை பேச்சியின் முட்டை, செவ்வாய்க்கிழமை ஜன்னத்தின் முட்டை, புதன்கிழமை காளிராஜின் முட்டை என்று வரிசையாகத் தங்கச்செல்வியின் தட்டுக்குப் போக வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் பெரிய சார் இதன் நியாயத்தை விளக்கினார்.

"எந்த நெலம் வெளையுதோ அந்த நெலத்துக்குத்தான் உரம் போடணும். புரியுதா?"

பேச்சி கையைத் தூக்கினாள். "சார், வெளையாத நெலத்துக்குத்தான சார் எங்கய்யா உரம் போடுவாக?"

"நீ என்ன விவசாயமா படிக்கிற? ஒம்போதாம் வகுப்புத்தான படிக்கிற. ஒக்காரு."

தங்கச்செல்வி அந்த முட்டையை மரியாதையாக வாங்கி, பெரிய சார் தலை மறைந்ததும், உரியவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள். இந்த முறைகேடு நிர்வாகத்தின் கவனத்துக்கு வரவில்லை.

ஊரும் அவளைப் பெருமையாகத்தான் வைத்திருந்தது. ஓட்டு மேல் விழுந்த பந்தா, கோயில் மணியில் சிக்கிய கயிறா, தங்கச்செல்வியைக் கூப்பிடு. பருத்தி லோடு ஏற்றிய வண்டி தெருவுக்குள் வந்தால், தாழத் தொங்கும் கேபிள் வயரைக் கம்பு வைத்துத் தூக்கிப் பிடிக்க அவள்தான். பஸ்ஸில் கழுத்தை மடித்துக்கொண்டு நிற்பாள். கண்டக்டர் அவளை மேல்கம்பிக்குச் சொந்தக்காரி என்பார். சிரிப்பாள். அவளுக்கு அந்தச் சிரிப்பை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

இலியாஸ் சார் நல்ல ஆசிரியர். அவரிடம் ஒரே ஒரு குறை. பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்ப்பார். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் தலைமையாசிரியர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சார், தங்கச்செல்விக்கு மூணு மாசமா விடாம தலைவலி."

"ஒசரத்துல வெயிலு கூடத்தான அடிக்கும்."

"செருப்பு பதினொண்ணாம் நம்பர் சார். அவ மாமா செருப்பைப் போட்டுட்டு வாரா. அதுவும் இப்பப் பத்தலைங்கா."

"அஸ்திவாரம் பலமா இருக்கணும்ல சார்."

"கதவு நிலையில இடிச்சுக்கிடுறா."

"குனிஞ்சு வரச் சொல்லுங்க."

"மேல இடிக்கல சார். மேலதான் பழகிட்டாளே. பக்கவாட்டுல இடிக்கிறா. ரெண்டு தோளும் செதஞ்சு கெடக்கு. பக்கத்துல வாரது எதுவும் அவளுக்குத் தெரியல. நேத்து ரோட்டுல ஷேர் ஆட்டோ வருது, இவ பாட்டுக்கு நடக்கா. நான் கையைப் பிடிச்சு இழுக்கலேன்னா போயிருப்பா."

ஐயாத்துரை ஷேர் ஆட்டோக்களின் வேகத்தைக் கண்டித்தார்.

இலியாஸ் விடவில்லை. "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு சார். வளருன்னு ஒடம்புக்கு உத்தரவு போடுறது அது சுரக்கிற ஹார்மோன்தான். அளவாச் சுரந்தாத்தான் நல்லது. இவளுக்கு அது நிக்காமச் சுரக்குதோன்னு பயமா இருக்கு. சுரப்பியில கட்டி வந்தா அப்படி ஆகும். அந்தக் கட்டி வீங்கி, மேல போற கண் நரம்பை அமுக்குனா, மொதல்ல ஓரப் பார்வைதான் போகும்."

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"பாடத்துலயே இருக்கு சார். பத்தாம் வகுப்பு அறிவியல்ல."

"எத்தனாம் வகுப்பு?"

"பத்து."

"இவ எத்தனாம் வகுப்பு?"

"ஒம்போது சார்."

"பாடத்திட்டம்னு ஒண்ணு இருக்குல்ல சார்? பத்தாம் வகுப்பு நோயி ஒம்போதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி வரும்?"

இலியாஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார். அவர் காரணம் சொல்லாமல் தங்கச்செல்வியையும் அவள் அம்மா ஆவுடைத்தாயையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். ஒருமுறைக்கு இருமுறை போனார். விடுப்பு எடுத்துக்கொண்டு போனதால் நிர்வாகத்தால் நடவடிக்கை எடுக்க இயலாமல் போயிற்று.

செப்டம்பர் எட்டாம் தேதி காலை ஆவுடைத்தாய் பள்ளிக்கு வந்தாள். கருவேலம் வெட்டுகிறவள், முழங்கை வரை முள் கீறிய தழும்பு. புருஷன் திருப்பூரில் சாயப்பட்டறையில். கையில் ஒரு படிவத்தை, கசங்கிவிடக் கூடாதென்று நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் இலியாஸ்.

"பெரிய சார், பிள்ளை வயசுக்கு வரலையேன்னுதான் நான் வெசனப்பட்டுக்கிட்டு இருந்தேன். இம்புட்டு இருக்கும்னு நெனைக்கல. சத்யபிரியான்னு டாக்டரம்மா. கையைப் படம் எடுத்தாக, தலையைக் குழாய்க்குள்ள விட்டு எடுத்தாக. ரத்தத்துல அந்தச் சுரப்பித் தண்ணி ஆறு மடங்கு ஓடுதாம் சார். உள்ள கட்டி இருக்காம். மூக்கு வழியாவே எடுத்துருவோம், பயப்படாதேன்னாக. ஆனா ஒரு வாரத்துக்குள்ள சேக்கணுமாம். தள்ளிப்போட்டா கண்ணு போயிரும்னு சொல்லிட்டாக." சொல்லும்போதே அழுதாள். "இதுல நீங்க கையெழுத்துப் போட்டு சீல் வச்சுக் குடுத்தா, காப்பீட்டுல சேத்துக்கிடுவாகளாம்."

ஐயாத்துரை படிவத்தைப் படித்தார். அவர் எதையும் முழுமையாகப் படிப்பவர். கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது: 'இப்படிவத்தில் கையொப்பமிட்டவுடன் மாணவர் நோயுற்றோர் பட்டியலில் சேர்க்கப்படுவார். அவரது உயரம் சராசரிக்குக் கொள்ளப்படாது.'

"கட்டியை எடுத்துட்டா வளர்ச்சி நின்னுருமாம்மா?" என்று கேட்டார்.

"நின்னுரும்னு சொன்னாக சார்" என்றாள் ஆவுடைத்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தெம்பாக.

பெரிய சார் நாள்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் ரகசியமாக எடுக்கும் அளவுப்படி தங்கச்செல்வி இப்போது நூற்றுத் தொண்ணூறு. இன்னும் ஒரே ஒரு சென்டிமீட்டர். இறுதி அளவு இருபத்தாறாம் தேதி. விழா முப்பதாம் தேதி.

ஐயாத்துரையைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆவுடைத்தாயைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. கேடயத்தை நினைத்தபோதும் தொண்டை அடைத்தது. இரண்டுக்கும் சராசரி எடுத்து, "பாத்துச் செய்வோம்மா" என்றார்.

அதே வாரத்தில் 'மாணவர் நலனில் ஆசிரியரின் பங்கு' என்ற பதினெட்டு நாள் உறைவிடப் பயிற்சிக்குப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. சென்னைக்கும் அந்தப் பக்கம். மாணவர் நலனில் இலியாஸைவிட அக்கறை உள்ளவர் யார்? ஐயாத்துரை அவர் பெயரை எழுதி அனுப்பினார்.

"சார், கையெழுத்தைப் போட்டுக் குடுத்துருங்க. நான் நிம்மதியாப் போறேன்" என்றார் இலியாஸ், பையைத் தோளில் மாட்டியபடி.

"நீங்க பஸ் ஏறுங்க சார். அதைப் போட்டுட்டுத்தான் எனக்கு மறுவேலை."

பிறகு வந்த நாட்களில் ஓர் அலுவலகம் எவ்வளவு கவனமாக இயங்க முடியும் என்பதை ஓடைக்குளம் கண்டது. ஆவுடைத்தாய் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அரிவாளைப் பள்ளி வாசலில் வைத்துவிட்டு வராந்தாவில் வந்து நிற்பாள். முதல் நாள் செவ்வாய்க்கிழமை; நல்ல காரியத்துக்கு ஆகாது. அடுத்த நாள் சீல் மை காய்ந்துவிட்டது. மை வந்ததும், படிவத்தை நீலப் பேனாவில் நிரப்பியிருப்பது தெரியவந்தது. கறுப்பில் நிரப்ப வேண்டும். கறுப்பில் நிரப்பிக் கொண்டுவந்தாள். இரண்டு நகல் வேண்டும். ஜெராக்ஸ் கடை அருப்புக்கோட்டையில். எடுத்து வந்தாள். ஒட்டிய போட்டோவில் பிள்ளையின் நெற்றி வெட்டுப்பட்டிருந்தது. வேறு எடுத்து வந்தாள். தேய்பிறை தொடங்கிவிட்டது.

"வளர்பிறை வரட்டும்மா. சின்ன விசயமா? தலை சம்பந்தப்பட்ட காரியம்."

"சார், இலியாசு சாரு தெனமும் போன் போட்டுக் கேக்காக."

"எனக்கும் போடுறாரு. இங்கதான் சிக்னல் கெடைக்க மாட்டேங்குது."

ஒருநாள் ஆவுடைத்தாய் வராந்தாவில் நிற்காமல் அறைக்குள்ளேயே வந்துவிட்டாள். "சார், நேத்து ராத்திரி தட்டுல சோறு போட்டு வச்சேன். இடது பக்கம் இருந்த கூட்டை விட்டுட்டு எந்திரிச்சிட்டா. ஏத்தா சாப்பிடலைன்னா, அங்க கூட்டு இருந்துச்சாம்மாங்கா. பெத்த வயிறு பத்தி எரியுது சார்."

ஐயாத்துரை சற்று யோசித்தார். "தட்டைத் திருப்பி வச்சிருக்கலாம்லம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை அளவு எடுக்கும்போது தங்கச்செல்வி கேட்டாள். "சார், ஆப்பரேசன் பண்ணுனா வளர்றது நெசமாவே நின்னுருமா?"

"நிக்கணுமா வேண்டாமா? நீ என்ன நெனைக்க?"

"நிக்கணும் சார். பஸ்ஸுல ஒருநாளாச்சும் நிமிந்து நிக்கணும். தலைவலி இல்லாம ஒருநாள் படிக்கணும்."

"முப்பதாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கத்தா. மேடையில ஒன் கையிலதான் கேடயம் குடுக்கப் போறாக. ஊரே கை தட்டும்."

அவள் சுவரில் சாய்ந்து நின்றபடியே, "கேடயம் வாங்குனா கையெழுத்துப் போட்டுருவீகளா சார்?" என்றாள்.

"என்னத்தா இப்படிக் கேட்டுட்ட?" என்று பெரிய சார் மனம் நொந்துபோனார்.

இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கே மதன்குமார் வந்துவிட்டார். படுத்து எழுந்த உடம்பு காலையில் சற்று நீளமாக இருக்கும் என்பது அவர் பயிற்சியில் கற்றது. பேச்சி நூற்று முப்பத்தாறு. ஜன்னத் நூற்று நாற்பத்தொன்று. ஜூலையிலிருந்து ஒன்பது பேரும் வளராமல் கட்டுப்பாடு காத்திருந்தார்கள். தங்கச்செல்வி வராந்தாத் தூணில் தோளை இடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். மதன்குமார் பெஞ்சில் ஏறினார்.

நூற்றுத் தொண்ணூற்றொன்று.

போன் சுற்றியது. நூற்று நாற்பத்தெட்டு, புள்ளி பூஜ்யம். ஐயாத்துரையும் மதன்குமாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த நிமிடத்தில் தாங்கள் எல்லோரும் நூற்று நாற்பத்தெட்டு ஆகிவிட்டது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பேச்சி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

முப்பதாம் தேதி விருதுநகரில், கல்யாண மண்டபத்தில் விழா. மைக்கில் ஐயாத்துரையின் பெயரை இருமுறை கூப்பிட்டார்கள். முதல் முறை கூப்பிட்டபோதே எழுந்துவிட்டவர், இரண்டாவது முறைக்காகக் கொஞ்சம் நின்று போனார். தங்கச்செல்வி மேடை ஏறியதும் அரங்கம் அண்ணாந்தது. தலைமை விருந்தினர் அவளுக்கு இடப்பக்கமாக வந்து கேடயத்தை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து நேராகச் சிரித்துக்கொண்டு நின்றாள். கேடயம் யார் கையில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல், யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். தலைமை விருந்தினர் கேடயத்தைக் கை மாற்றிப் பிடித்தார், நல்ல கனம். ஐயாத்துரை பாய்ந்து போய்ப் பெற்றுக்கொண்டார்.

"பரிசைக்கூடத் திரும்பிப் பார்க்காத தன்னடக்கம்!" என்று அறிவிப்பாளர் உருகினார். மண்டபம் அதிர்ந்தது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ஐயாத்துரையின் முகம் முழுதாக, மீசை வரை தெளிவாக விழுந்திருந்தது. தங்கச்செல்வி கழுத்து வரை விழுந்திருந்தாள்.

ஐயாத்துரை வாக்கு மாறாத மனிதர். விழா முடிந்து மண்டப வாசலில் ஆவுடைத்தாய் படிவத்தை நீட்டியபோது, கேடயத்தையே பலகையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார். சீலையும் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். தேதி மட்டும் எட்டு என்று எழுதினார். எட்டாம் தேதி வந்த விண்ணப்பத்துக்கு எட்டாம் தேதியே ஒப்புதல். இவ்வளவு வேகமான நிர்வாகத்தை விருதுநகர் வட்டாரம் அதற்கு முன் கண்டதில்லை.

பயிற்சி முடிந்து அன்றிரவே வந்து இறங்கிய இலியாஸ், விடிவதற்குள் அவர்களை மதுரைக்குக் கூட்டிப் போனார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, தலைமையாசிரியர் அறையில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"கட்டியை எடுத்துட்டாக. உயிருக்கு ஒண்ணுமில்ல. தலைவலி போயிருச்சு. ஹார்மோனு எறங்கிருச்சு. வலது கண்ணு தேறிருச்சு."

"அல்லா காப்பாத்துனாரு சார்" என்றார் ஐயாத்துரை, மத நல்லிணக்கத்தோடு.

"இடது கண்ணுல ஓரப் பார்வை திரும்பல. இனிமே திரும்பாதாம். ஒரு வாரம்னு சொன்னேனே, மூணு வாரம் என்ன பண்ணுனீகன்னு டாக்டரம்மா ஆவுடைத்தாயைத்தான் ஏசுனாக. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காக."

"ரெண்டு கண்ணுக்கும் சேத்துச் சராசரி பாத்தா..." என்று தொடங்கிய ஐயாத்துரை, இலியாஸ் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

நவம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. 'தங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புச் சராசரி உயரம் ஒரே மாதத்தில் 4.8 சென்டிமீட்டர் குறைந்துள்ளது. மாணவர்கள் சுருங்கியதற்கான காரணம் என்ன? பொறுப்பானவர் யார்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் கேடயம் திரும்பப் பெறப்படும்.'

ஐயாத்துரை ஒன்பது பேரையும் அறைக்கு வரவழைத்தார். வரிசையாக வந்து நின்றார்கள். பெரிய சார் முதல்முறையாகக் குனிந்து அவர்களைப் பார்த்தார். பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னப்பா, எல்லாரும் ஏன் இப்படிக் கொறஞ்சு போனீக?"

"கொறையல சார்" என்றான் காளிராஜ். "ஜூலையில அளந்த அதே ஒசரந்தான்."

"நாங்க எப்பயும் இப்படித்தான் சார் இருந்தோம்" என்றாள் பேச்சி. "நீங்கதான் மேலயே பாத்துக்கிட்டு இருந்தீக."

வாயாடிகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அவர் விளக்கம் எழுத உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் நீண்ட யோசனைக்குப் பிறகு, 'மாணவி ஒருவர் குணமடைந்துவிட்டதால் பள்ளியின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது' என்று எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். குறை சொல்ல முடியாத வாக்கியம்.

அப்போது தங்கச்செல்வி உள்ளே வந்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தாள். விடுப்புச் சீட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, கையெழுத்துக்காக வாசலைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றாள். முகம் தெளிந்திருந்தது. பஸ்ஸில் இன்னும் கழுத்தை மடித்துத்தான் வந்தாளாம். ஆனால் வலி இல்லையாம். பெரிய சார் கேட்காமலே சொன்னாள்.

"இருத்தா. இதை முடிச்சுட்டுப் போட்டுத் தாரேன்" என்ற ஐயாத்துரை, பொறுப்பானவர் என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்: 'தங்கச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு.'

பேனா ஓடுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். "என்ன சார் எழுதுறீக?" என்றாள்.

"ஒன்னப் பத்தித்தான். மேலிடத்துக்கு நல்லபடியா எழுதுறேன்."

"சரி சார்" என்று வாசலைப் பார்த்துச் சிரித்தாள்.

ஐயாத்துரையின் நிர்வாகத்தில் எல்லாமே வெளிப்படை. அந்தத் தாளை அவர் மடிக்கவில்லை. கை வைத்து மறைக்கவும் இல்லை. மேஜை அவளுக்கு இடது பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் செப்டம்பரிலேயே மறைத்துவிட்டிருந்தார்.